ஏலாது என்ற சொல்லின் எடை

வெள்ளவத்தையில் காலை ஐந்தரை மணிக்கு மரைன் டிரைவுக்கு இறங்கினால் பாதித் தமிழ்க் கொழும்பு அங்கே நடந்துகொண்டிருக்கும். சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் சப்பாத்து போட்ட அன்ரிமார், 'சீனி' கூடிவிட்டது என்று டொக்டர் சொன்ன மறுநாளே நடக்கத் தொடங்கிய அங்கிள்மார், காதில் எதையோ செருகிக்கொண்டு எல்லோரையும் முந்தி ஓடும் பெடியன்கள். ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். எங்கள் தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் மட்டும் இந்த ஊர்வலத்தில் சேராமல், பல மாதங்களாகக் கேற்றடியில் பேப்பரோடு நின்றார். நாளுக்கு அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டொக்டர் எழுதியே கொடுத்திருந்தார். கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கு உதெல்லாம் ஏலாது தம்பி."

இலங்கைத் தமிழில் இந்தச் சொல் பார்க்கிற வேலை கொஞ்சமல்ல. 'மூட்டை தூக்க ஏலாது' என்றால் பலமில்லை. 'அம்மாவுக்கு ஏலாமல் இருக்கு' என்றால் வருத்தம், அதாவது நோய். 'இண்டைக்கு வர ஏலாது' என்றால் பெரும்பாலும் மனமில்லை. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். உடற்பயிற்சி என்று வரும்போது ஒருவர் ஏலாது என்கிறாரே, இந்த மூன்றில் எது பேசுகிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. கடந்த அரை நூற்றாண்டில் உளவியலாளர்களும் உடலியலாளர்களும் செய்த ஆய்வுகளில் ஒரு நல்ல பங்கு, இந்தப் பையை அவிழ்த்துப் பார்க்கிற வேலைதான்.

காலி வீதியில் மாடிக் கட்டடங்களில் இருக்கும் ஜிம் எதற்குள்ளும் ஏறிப் பாருங்கள். 'நோ பெயின் நோ கெயின்' என்று சுவரில் இருக்கும். நம்பினால் எதுவும் நடக்கும் என்று போனில் யாரோ கத்திக்கொண்டிருப்பார். மறுபக்கம், இதெல்லாம் வெறும் கதை, சாப்பாட்டுக் கணக்கும் தூக்கிய எடையும்தான் உண்மை என்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் வெல்லவில்லை. நம்பிக்கை தசையை வளர்ப்பதில்லை. ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற தீர்ப்பில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த நிறுத்துமிடம்தான் மாதக்கணக்கில் சேர்ந்து உடம்பாக மாறுகிறது.

முதலில் களைப்பு என்ற சமாச்சாரத்தைப் பார்ப்போம். தசையில் எரிபொருள் தீர்ந்துவிட்டது, அதனால் நிற்கிறோம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். 2010இல் சாமுவேலே மார்கோரா என்ற உடலியலாளரும் அவரோடு வேலை செய்தவரும் வெளியிட்ட ஆய்வொன்று இந்த நினைப்பைக் குழப்பிவிட்டது. பத்து ரக்பி வீரர்களை நிலையான சைக்கிளில் ஏற்றி, சராசரியாக 242 வாட் சுமையில், இனி ஒரு மிதிகூட ஏலாது என்கிற வரை மிதிக்க வைத்தார்கள். சுமார் பத்து நிமிடத்தில் எல்லோரும் கைவிட்டார்கள். கைவிட்ட அந்தக் கணமே, ஐந்தே ஐந்து செக்கனுக்கு முழுப் பலத்தோடு மிதிக்கச் சொன்னார்கள். அதே கால்கள் சராசரியாக 731 வாட் கொடுத்தன. 242 ஏலாது என்ற கால் மூன்று மடங்கு கொடுத்தது எப்படி? மார்கோராவின் விளக்கம்: நிறுத்தியது தசை அல்ல, சிரமம் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்துவிட்டது என்ற உணர்வு. ஐந்து செக்கன் என்று தெரிந்ததும் கணக்கு மாறிவிட்டது. இதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து செக்கன் வெடிப்பும் பத்து நிமிட உழைப்பும் உடம்புக்கு வேறு வேறு வேலைகள் என்று மறுப்பவர்கள் உண்டு. அது நியாயமான மறுப்புத்தான். ஆனாலும் 'ஏலாது' என்று நாம் சொல்லும்போது களஞ்சியம் முழுதும் காலியாகவில்லை என்ற அளவில் பெரிய சண்டை இல்லை.

கொழும்புக்காரருக்கு இதைவிடச் சுவையான ஆய்வு ஒன்று உண்டு. எங்கள் ஊரில் வெயிலும் புழுக்கமும்தான் எல்லாவற்றுக்கும் முதல் சாட்டு. 2012இல் பிரிட்டனில் ஏழு சைக்கிள் ஓட்டிகளை மூன்று விதமான அறைகளில் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒன்று சுமார் 22 பாகை செல்சியஸ். மற்றொன்று 31 பாகைக்கு மேல், ஈரப்பதமும் கூட. ஏறக்குறைய நம் சித்திரை மாதம். மூன்றாவது அறையும் அதே சூடுதான், ஆனால் சுவரில் இருந்த கருவி 26 பாகை என்று பொய் காட்டியது. உடல் வெப்பநிலையையும் குறைத்தே சொன்னார்கள். சூட்டு அறையில் 15.88 கிலோமீட்டர் ஓடியவர்கள், பொய் சொன்ன சூட்டு அறையில் 16.74 கிலோமீட்டர் ஓடினார்கள். குளிர் அறையில் ஓடியது 16.63. சூடு போகவில்லை, சூடு என்கிற செய்தி மட்டும் போயிருக்கிறது. சரி, இதைப் படித்துவிட்டு நண்பகலில் காலிமுகத்திடலில் ஓடப் போய்விடாதீர்கள். அந்தச் செய்தி நம்மைக் காப்பாற்றுவதற்காகவும் வருகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது வேலை முடிந்து வருகிற களைப்பு. கோட்டையில் நாள் முழுதும் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் தொங்கி வந்து, ஆறரை மணிக்கு ஜிம்முக்குப் போனால் முந்தாநாள் தூக்கிய எடை அசையாது. சோம்பேறி என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் திரும்பியிருக்கிறேன். மார்கோராவின் குழு 2009இல் இதையும் அளந்தது. பதினாறு பேர், ஒரு நாள் தொண்ணூறு நிமிடம் மூளையைப் பிழிகிற கணினி வேலை, இன்னொரு நாள் அதே நேரம் சும்மா ஆவணப்படம். இரண்டு நாளும் பிறகு சைக்கிள். படம் பார்த்த நாளில் 754 செக்கன் தாக்குப்பிடித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640 செக்கனில் இறங்கிவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் சரியாகத்தான் வேலை செய்தன. மிதிக்கத் தொடங்கிய கணத்திலிருந்தே சிரமம் கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதாவது திங்கட்கிழமை மாலை எடை அசையாததற்கு உங்கள் குணத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். அன்றைக்கு எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வந்த வேலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். அன்றைய தோல்வியை 'நான் இப்படித்தான்' என்று எழுதி வைத்துக்கொள்வதில்தான் வினை இருக்கிறது.

அந்த எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைத்தான் ஆல்பர்ட் பண்டுரா ஆராய்ந்தார். கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் இருந்த உளவியலாளர், 2021இல் இறந்தார். 1977இல் அவர் எழுதிய கட்டுரையில் வந்த கருத்தை, தமிழில் தற்திறன் நம்பிக்கை என்று சொல்லலாம். பொதுவான தன்னம்பிக்கை வேறு, இது வேறு. மேடையில் ஏறி ஒரு மணி நேரம் பேசக்கூடியவருக்கு இருபது தண்டால் எடுக்க முடியும் என்ற நம்பிக்கை துளிகூட இல்லாமல் இருக்கலாம். 'இந்தக் குறிப்பான காரியத்தை இந்த நிலைமையில் என்னால் செய்து முடிக்க ஏலும்' என்ற மதிப்பீடுதான் அது. இந்த மதிப்பீடு நான்கு வழிகளால் உருவாகிறது என்றார் பண்டுரா: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் வார்த்தை, உடம்பிலிருந்து வரும் அறிகுறிகளை நாம் வாசிக்கும் விதம். நான்கில் பலமானது முதலாவது. நம் ஜிம்களில் கூடுதலாகப் பயன்படுவதோ மூன்றாவது, அதாவது கத்துவது.

செய்து முடித்த அனுபவம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு 2022ஐ நினைத்துப் பார்க்கலாம். பெட்ரோல் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட மாதங்கள். கொழும்பில் சைக்கிளுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு சைக்கிளில் போவீர்களா என்று 2021இல் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். 2022இல் கழுத்துப்பட்டியோடு மிதித்துக்கொண்டு போனார்கள். முதல் கிழமை தொடை வலி. மூன்றாவது கிழமை, 'இவ்வளவுதானா' என்ற முகம். இவர்களில் யாரும் ஊக்கப் பேச்சுக் கேட்டு ஏறவில்லை, வேறு வழியில்லாமல் ஏறினார்கள். ஏறிய பிறகு நம்பிக்கை வந்தது. அப்புறம் கியூஆர் குறியீட்டில் பெட்ரோல் ஒதுக்கீடு வந்தது, பல சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. ஏலும் என்று தெரிந்த பிறகும் நிறுத்திவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கை கதவைத் திறக்கும், தினமும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகாது. அதற்குத் தேவையோ பழக்கமோ வேண்டும்.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. லண்டனில் 96 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. அதே ஆய்வில் ஆறுதலான ஒரு முடிவும் உண்டு: இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. மழைக்கு ஒரு நாள் நின்றுவிட்டு, 'எல்லாம் போச்சு' என்று ஒரு மாதம் நிற்கிறோமே, கெடுக்கிறது அதுதான்.

புதிதாக எடை தூக்கத் தொடங்குபவருக்கு இயற்கையே ஒரு சலுகை வைத்திருக்கிறது. முதல் சில கிழமைகளில் பலம் வேகமாகக் கூடும். ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. தசை பருக்கும் முன்னமே, இருக்கிற தசையை நரம்புகள் நன்றாக வேலை வாங்கப் பழகிவிடுகின்றன என்பதுதான் காரணம். 1979இல் மொரிட்டானியும் டிவ்ரீஸும் இதை அளந்து காட்டினார்கள். கண்ணாடியைப் பார்ப்பவர் ஏமாந்து போவார், கொப்பியில் எழுதி வைத்திருப்பவர் சந்தோஷப்படுவார். முதல் நாள் ஐந்து கிலோ, நான்காவது கிழமை எட்டுக் கிலோ என்று தன் கையெழுத்திலேயே இருக்கும்போது எந்த ஊக்கப் பேச்சும் தேவையில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் ஒரு பேனையும் போதும். புரதப் பவுடரைவிட மலிவு.

இந்தச் சலுகையைத்தான் பல இடங்களில் முதல் நாளே உடைத்து எறிகிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். சேர்ந்த முதல் மாலையே ட்ரெய்னர் தம்பி என்னை ஸ்குவாட்டில் இறக்கி, கால் நடுங்கி உட்காரும் வரை விடவில்லை. 'இப்பதான் உங்களுக்கு வேர்க்குது அண்ணா' என்று பெருமையாகச் சொன்னார். இரண்டாம் நாள் பாத்ரூம் போவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பழகாத பயிற்சிக்குப் பிறகு வரும் தசை நோவு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் வாசித்தேன். பண்டுரா சொன்ன நான்காவது வழி இதுதான். அதே நோவை 'வேலை செய்திருக்கிறது' என்று ஒருவர் வாசிப்பார், 'கிழிந்துவிட்டது' என்று இன்னொருவர் வாசிப்பார். மூச்சு வாங்குவதை உடம்பு சூடேறுகிறது என்றும் எடுக்கலாம், நெஞ்சுக்கு ஆகாது என்றும் எடுக்கலாம். நான் எட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கட்டிய காசும் போய்விட்டது.

பண்டுராவின் இரண்டாவது வழிக்கு, நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதற்கு, வருவோம். நம்மிடம் பெருமைப்பட ஆட்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் உயரம் பாய்ந்து பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் 2.03 மீட்டர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். 2022இல் யுபுன் அபேகோன் 100 மீட்டரை 9.96 செக்கனில் ஓடி, தெற்காசியாவில் பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் ஆளானார். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவை நெருப்பு மூட்டும். ஆனால் ஐம்பத்தெட்டு வயதுக் கணக்காளருக்கு? அபேகோனைப் பார்த்து அவர் கைதட்டுவார், கேற்றைத் திறந்து இறங்க மாட்டார். பார்க்கப்படுபவர் எவ்வளவுக்கு நம்மைப் போல இருக்கிறாரோ அவ்வளவுக்குத்தான் அந்தக் காட்சி நம் மதிப்பீட்டை மாற்றுகிறது. மரைன் டிரைவில் சேலையோடு நடக்கும் ஓர் அன்ரி, இன்ஸ்டாகிராமில் தெரியும் ஆறு கட்டு வயிற்றைவிடப் பத்து அன்ரிமாரை வீட்டிலிருந்து வெளியே எடுப்பார். முதலில் நடந்த அந்த அன்ரிக்குத்தான் சிரமம். 'இந்த வயசில உதென்ன சப்பாத்து' என்ற பார்வைகளை அவர் தனியாகத் தாங்கியிருப்பார்.

எங்கள் கணக்காளர் இறங்கியதும் அப்படித்தான். தன்னோடு ஏ.எல். படித்த, பைபாஸ் செய்துகொண்ட நண்பர் ஒருவர் ஒரு காலை கேற்றுக்கு முன்னால் நடந்து போவதைக் கண்டார். 'நீயே நடக்கிறாயோடா?' என்று கேட்டுக்கொண்டே முதல் சந்தி வரை போனாராம். முதல் நாள் அவ்வளவுதான். போதும். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு, ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்றிருந்த பழைய விதியை 2020 வழிகாட்டலில் கைவிட்டுவிட்டது. சந்தி வரை நடந்ததும் கணக்கில் சேரும்.

மூன்றாவது வழியான பிறர் வார்த்தை பலவீனமானது. ஏற்றுவதில்தான் பலவீனம், இறக்குவதில் பலம் அதிகம். பண்டுராவே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். நம் கலியாண வீடுகளில் வணக்கத்துக்கு முன்னால் வரும் வசனம் 'என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டுது!' அல்லது 'என்ன, நல்லாக் காய்ஞ்சு போனியள்!' இரண்டுக்கும் நடுவில் ஓர் உடம்பை யாரும் கண்டதாகத் தெரியவில்லை. அதைவிடக் கெட்டது 'எங்கட குடும்பத்து உடம்பு அப்பிடி' என்பது. 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு இந்த வசனத்தையே ஏறக்குறைய சோதித்துப் பார்த்தது. ஆட்களின் மரபணுவைச் சோதித்தார்கள், ட்ரெட்மில்லில் ஓட வைத்தார்கள். பிறகு சிலரிடம் உங்களுக்குத் தாக்குப்பிடிக்கும் மரபணு இருக்கிறது என்றும், சிலரிடம் இல்லை என்றும் சொன்னார்கள். சொன்னது உண்மை முடிவு அல்ல, சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்தது. இல்லை என்று கேட்டவர்கள் அடுத்த தடவை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது மட்டுமல்ல, மூச்சில் கரியமில வாயுவை வெளியேற்றும் திறனும் குறைந்தது. உண்மையில் நல்ல மரபணு இருந்தவர்களுக்கும் இதே கதிதான். மரபணு பொய் என்று இதற்குப் பொருளில்லை. அப்பாவின் தொந்தியைக் காட்டி மகனிடம் சொல்லும் வசனத்துக்கும் உடம்பில் ஒரு விளைவு உண்டு என்றுதான் பொருள்.

இதே நம்பிக்கை காசாகவும் மாறும். 1972இல் வெளியான பழைய ஆய்வு ஒன்றில், எடை தூக்குபவர்கள் ஆறு பேரிடம் டயனபோல் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை தருவதாகச் சொல்லி, ஒன்றுமில்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். அந்தச் சில வாரங்களில் அவர்கள் தூக்கிய எடை அதற்கு முந்தைய வாரங்களைவிட வேகமாக ஏறியது. ஆறே பேர் என்பதால் இதைப் பெரிய தூணாக நட்டுவிட முடியாது. ஆனால் ஜிம் மேசையில் பெரிய டப்பாக்களில் இருக்கும் பவுடர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆறு பேரின் நினைவு வரும். 'குடிச்ச அண்டைக்கே வித்தியாசம் தெரிஞ்சது அண்ணா' என்கிற தம்பி பொய் சொல்லவில்லை. தெரிந்திருக்கும்தான். உண்மையான ஸ்டீரொய்டைத் தேடிப் போகிறவர்களுக்கு வருவது ஈரலுக்கும் இதயத்துக்குமான செலவு, அது நம்பிக்கையால் வருவதும் அல்ல போவதும் அல்ல.

நம்பிக்கைப் பிரசாரகர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2007இல் அமெரிக்காவில் ஏழு ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் 84 பெண்களில் ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சிதான் என்று விளக்கினார்கள். நான்கு கிழமையில் அவர்களின் எடையும் இரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்தன, மற்றவர்களுக்குக் குறையவில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அந்த நான்கு கிழமையில் உண்மையிலேயே கொஞ்சம் வேகமாக வேலை செய்தார்களா, குறைவாகச் சாப்பிட்டார்களா என்று யாரும் கூடவே இருந்து எண்ணவில்லை. நான் இதை நம்பிக்கை உடம்பைக் கரைத்த கதையாக எடுப்பதில்லை. செய்கிற வேலைக்கு ஒரு பெயர் கிடைத்தபோது அதைச் செய்யும் விதம் மாறியிருக்கலாம் என்று எடுக்கிறேன்.

கற்பனைக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையே உள்ள வித்தியாசத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை அரைகுறையாகிவிடும். கண்ணை மூடி மெலிந்த உடம்பை நினைத்துப் பாருங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்களே, காப்ரியேல் எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கவிழ்த்துப் போட்டது. எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை ஒரு வருடம் தொடர்ந்தார். 'என்னால் குறைக்க முடியும்' என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகக் குறைத்தார்கள். ஆனால் மெலிந்த பிறகு வாழ்க்கை எப்படி இனிக்கும் என்று கனவு கண்டவர்கள், அப்படிக் காணாதவர்களைவிடச் சராசரியாக 24 இறாத்தல் குறைவாகவே குறைத்தார்கள். கனவிலேயே பந்தி முடிந்துவிட்டால் பிறகு எவர் அடுப்பு மூட்டுவார்? கொழும்பில் ஜனவரி முதல் கிழமை ஜிம்களில் இடமிருக்காது, பெப்ரவரியில் நிம்மதியாகத் தூக்கலாம்.

அப்படியானால் எந்த நிலைமையில் சாதாரண ஆட்கள் தங்கள் 'ஏலாது' வைத் தாண்டுகிறார்கள்? எனக்குத் தெரிந்த நல்ல ஆய்வுகூடம் சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர் உயரம், நல்லதண்ணிப் பக்கமாக 5,000க்கு மேற்பட்ட படிகள். லிஃப்ட் பழுதானால் மூன்றாம் மாடிக்கு ஏற மாட்டேன் என்று கீழேயே கதிரை போட்டு உட்காரும் அம்மாமார், பருவகாலத்தில் இரவோடிரவாக அதை ஏறிவிடுகிறார்கள். பக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பக்தியோடு கூட என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் தன் வயதுக்காரர் ஏறிக்கொண்டிருக்கிறார். இளைப்பாற இடைக்கிடை மடங்களும் தேத்தண்ணிக் கடைகளும் இருக்கின்றன; எங்கும் நிற்கலாம், நிற்பதற்கு யாரும் சிரிப்பதில்லை. உச்சியைப் பார்க்காமல் அடுத்த விளக்கை மட்டும் பார்த்து ஏறலாம். இறங்கி வருகிறவர்கள் 'இன்னும் கொஞ்சந்தான்' என்று பொய் சொல்கிறார்கள். பண்டுராவின் நான்கு வழியும் ஒரே மலையில். யாரும் நேரம் பார்த்துக் கத்துவதில்லை.

இன்னும் ஒன்று, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தை. 2014இல் 24 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தாங்களே தெரிந்தெடுத்த ஊக்க வசனங்களை இரண்டு கிழமை பழகியவர்கள் சைக்கிளில் தாக்குப்பிடித்த நேரம் 18 வீதம் கூடியது. வசனம் தங்களுடையது என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். 'யூ கேன் டூ இட்' எனக்கு ஒன்றும் செய்வதில்லை. 'இன்னும் ரெண்டு, விடாதை' செய்கிறது. அது என் அம்மா சோறு ஊட்டும்போது சொன்ன அதே தாளம் என்பதால் இருக்கலாம்.

எச்சரிக்கைக்கு வருகிறேன். வல்வெட்டித்துறை குமார் ஆனந்தனை எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் எல்லோரும் அறிவார்கள். 1971இல் பாக்கு நீரிணையை அங்கும் இங்குமாக 51 மணி நேரத்தில் நீந்தியவர், உலக சாதனைகளைத் தேடித் தேடிச் செய்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். அவருடைய மன உறுதியில் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் குளிர்நீருக்கு மன உறுதி தெரியாது. பொய் காட்டிய கருவியோடு ஓடிய அந்த ஏழு சைக்கிள் ஓட்டிகளுக்கு அரை மணி நேரம்தான், பக்கத்தில் ஆய்வாளர்களும் நின்றார்கள். புழுக்கமான கொழும்பில் தலைசுற்றல், வியர்வை நின்று போதல், நெஞ்சை இறுக்கும் வலி, கைக்கு ஓடும் வலி இவை வந்தால் அது பையில் இருக்கும் மனமின்மை அல்ல, வருத்தம். நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். சீனி, பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்கள் புதிதாகக் கடினமான பயிற்சி தொடங்கும் முன் டொக்டரைக் கேட்பதும் இதனால்தான். களைப்பு படிப்படியாக ஏறும், ஓய்வெடுத்தால் இறங்கும். அப்படி இறங்காததைக் களைப்பு என்று எண்ணிப் போராடக் கூடாது.

கணக்காளர் இப்போது நண்பரோடு பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிறார். முழங்கால் நோகும் நாளில் பாதியில் திரும்புவார், அதையும் கணக்காளர் புத்தியோடு ஒரு பழைய டயரியில் எழுதி வைத்திருக்கிறார். போன கிழமை கேற்றடியில் கண்டபோது, இந்தப் பருவத்துக்குச் சிவனொளிபாதமலைக்கு நாங்கள் சிலர் போகிறோம், நீங்களும் வாருங்களேன் அங்கிள் என்றேன்.

"அதெல்லாம் ஏலாது தம்பி," என்றார் உடனே. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு படி ஏறியவர் திரும்பினார்.

"எத்தினை படி எண்டு சொன்னீர்?"